'அன்லிமிடெட்' என்னும் சொல்லின் பொருள்

சென்ற வாரம் விடுதி மெஸ்ஸில் இளைய ஆய்வாளர் ஒருவர், தம் களமொழிச் சொற்கோவையை இணையத்தில் ஏற்ற எந்தப் பகிர்வு ஹோஸ்டிங் நல்லது என்று கேட்டார். "எது மலிவோ அது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் எங்கள் துறையில் முனைவர் பட்டம் முடிக்கவிருக்கும் ஒருவர். அந்த விடையை மறுக்கவே இதை எழுதுகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் அதையே நானும் சொல்லியிருப்பேன்.

எங்கள் குழு ஆதிலாபாத் பகுதியில் தொகுத்த கோண்டிச் சொற்கோவையில் 11,000 தலைச்சொற்கள். இரு பேசுநரின் ஒலிப்பு, ஒவ்வொன்றும் எம்பி3, ஓஜிஜி என இரு வடிவில். ஆக 44,000 ஒலிக்கோப்புகள். எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபியைக்கூட எட்டவில்லை. விளம்பரத்தில் வட்டிடம் 'அன்லிமிடெட்'. ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே, 'நியாயமான பயன்பாடு' என்னும் பிரிவில், ஐநோடு வரம்பு 50,000 என்றிருந்தது. ஐநோடு என்பது கோப்பின் பருமனை அன்று, எண்ணிக்கையைக் கணக்கிடுவது. வேர்ட்பிரஸ்ஸின் கோப்புகள், படங்களின் சிறுவடிவங்கள், அஞ்சற்பெட்டியில் தேங்கும் ஒவ்வொரு மின்னஞ்சல் யாவும் அதில் சேரும். வரம்பைக் கடந்த கணக்குகளுக்குத் தானியங்கிக் காப்புநகல் எடுக்கப்படாது என்பது அதற்கும் கீழே ஒரு வரி. ஒரு செருகுநிரலின் ஓட்டை வழியே தளம் சிதைக்கப்பட்ட நாளில்தான் அந்த வரியைப் படித்தோம். மூல ஒலிகள் களக் கணினியில் இருந்தன. பத்து மாதங்களாகத் தளத்தில் நேரடியாகச் செய்த பொருள்விளக்கத் திருத்தங்கள் போயின. அவற்றுள் பெரும்பகுதியைச் சொன்ன மூதாட்டி அதற்குள் மறைந்துவிட்டார்.

பிழை எங்களுடையதே. காப்புநகலை விற்பவரிடமே விட்டுவைப்பது காப்பு ஆகாது. 2021 மார்ச் 10 அன்று ஸ்திராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தபோது, அதே இடத்தில் காப்புநகல் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள்.

மொழியியலார் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை எந்த விலைப்பட்டியலும் எழுப்புவதில்லை. மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில் 'யுடிஎஃப்8' என்று நெடுங்காலம் வழங்கியது முழு யுடிஎஃப்-8 அன்று. ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் நமக்கு அந்தக் குறை தெரிவதே இல்லை. 2018இல் யுனிகோடில் சேர்ந்த குஞ்சாலா கோண்டி எழுத்துகளுக்கு நான்கு பைட் வேண்டும். ஹோ மொழியின் வாரங் சிதிக்கும் அப்படியே. ஏன், 2019இல் சேர்ந்த முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறியீடுகளுக்கும் அதே கதைதான். பழைய அமைப்புள்ள வழங்கியில் இவற்றை உள்ளிட்டால் முதல் நான்கு பைட் எழுத்திலேயே சரம் அறுந்துபோகும். பிழைச்செய்தி வராமலும் போகலாம். யுடிஎஃப்8எம்பி4 2010 முதல் இருக்கிறது, மைஎஸ்கியூஎல் 8.0இல் அதுவே இயல்நிலை. உங்கள் வழங்கியில் ஓடுவது எந்தப் பதிப்பு என்று பணம் கட்டுமுன் கேட்டதுண்டா?

விலைக்கு வருவோம். விளம்பரத்தில் காணும் மாத விலை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துவோர்க்கு உரியது; 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. எங்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் முதல் விலையின் மும்மடங்காக வந்தது. அப்போது திட்ட நிதி முடிந்திருந்தது. டொமைனையும் அதே நிறுவனத்தில், ஓர் ஆய்வாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தோம். அவர் வேறு நாட்டில் வேலைக்குப் போய்விட்டார். டொமைனைத் தனிப் பதிவாளரிடம், துறையின் பொது முகவரியில் வைத்திருந்தால் வழங்கியை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை.

'சிறந்த பத்து' பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பைச் சொடுக்கி நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குத் தரகு. போட்டியாளர்கள் போல அடுத்தடுத்து நிற்கும் புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டுமே நியூஃபோல்டு டிஜிட்டலின் கீழ்தான் இருக்கின்றன.

இதற்கு மறுகோடியில், பகிர்வு ஹோஸ்டிங்கே குப்பை, விபிஎஸ் எடு என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் வழங்கிக்குப் பாதுகாப்புத் திருத்தம் போட யார் உட்காருவது? நாளொன்றுக்கு நூறு பேர் வரும் சொற்கோவைக்கு, பல தளங்கள் ஒரு வழங்கியைப் பங்கிடுவதில் கேடு எதுவும் இல்லை. வரம்புகளை எழுத்தில் தர மறுப்பவரிடம் வாங்குவதில்தான் கேடு.

நாங்கள் இப்போது சொற்கோவையை நிலைப்பக்கங்களாக மாற்றிவிட்டோம், தரவுதளமே இல்லை. மூலத்தரவின் ஒரு படி செர்ன் நடத்தும் செனோடோவில் இருக்கிறது. ஒலிகள் மட்டும் இன்னும் பகிர்வு ஹோஸ்டிங்கில், வேறொரு நிறுவனத்தில். எது என்று கேட்டு உட்பெட்டிக்கு வர வேண்டாம், சொல்ல மாட்டேன். ஐநோடு வரம்பு, புதுப்பிப்பு விலை, காப்புநகலின் விதிவிலக்குகள், தரவுதளப் பதிப்பு ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் கேளுங்கள். நான் ஆறு நிறுவனங்களுக்கு எழுதினேன். நான்குக்கும் நேராக விடை தந்தவை இரண்டே.