பலகை மாறியது, பாடம்?

இருமொழிக் கொள்கை நமது உயிர்மூச்சு என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவோம்! 1968 சனவரி 23 அன்று அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானம், தமிழும் ஆங்கிலமும் போதும் என்று திட்டவட்டமாகத் தீர்த்துச் சொல்லிற்று. அந்த உரிமைக்காகச் சிறை சென்றோர் உண்டு. தீக்கு இரையானோர் உண்டு. ஆனால் தோழர்களே, தீர்மானத்தில் இருக்கும் ஆங்கிலம் ஆலைத் தொழிலாளியின் மகள் நாவில் இருக்கிறதா?

வசதி படைத்தவன் வீட்டில் ஆங்கிலம் கதவைத் தட்டாமலே நுழைகிறது. அப்பன் பேசுகிறான், அம்மா பேசுகிறாள், அலமாரியில் புத்தகம் அடுக்கியிருக்கிறது. நெசவாளி வீட்டுக்கும், வண்டியோட்டி வீட்டுக்கும், தெருக்கூட்டும் தாயின் குடிசைக்கும் அது வரவேண்டுமானால் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும். அந்தக் கைக்கு நாம் கொடுத்திருப்பது என்ன?

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. பெற்றோர் விரும்பினார்கள், அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அறிவியலை ஒப்பிக்க வைப்பது வேறு, ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுப்பது வேறு. ‘ஆங்கில வழி’ என்று பலகை எழுத ஒரு டப்பா வர்ணம் போதுமே!

மைக்கேல் வெஸ்ட் என்றொரு வெள்ளைக்காரர், டாக்காவில் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்தவர், 1926லேயே ஒரு கணக்குப் போட்டார். ஆயுள் காப்பீட்டைப் பாதியில் நிறுத்தினால் கைக்கு வரும் தொகையைச் ‘சரண்டர் மதிப்பு’ என்கிறோமல்லவா? அதே சொல்லைக் கல்விக்குப் போட்டார். பாதியில் படிப்பை விடும் பிள்ளைக்கு, அதுவரை கற்ற ஆங்கிலத்தின் சரண்டர் மதிப்பு என்ன? வெள்ளைக்காரர் கேட்டாலும் ஏழைக்காகக் கேட்கப்பட்ட கேள்வி! பத்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போகிறவன், இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிப்பானா? மருந்துப் புட்டியில் உள்ளது புரியுமா? கையெழுத்துப் போடச் சொல்லி முதலாளி நீட்டும் ஒப்பந்தத் தாளில் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பானா? மதிப்பெண் பட்டியலில் இதற்கு விடை கிடையாது.

விடை வாத்தியாரிடம் தொடங்குகிறது. 1959ல், காங்கிரசு ஆண்ட காலத்தில், இதே சென்னை மாநிலத்தில் ஒரு முயற்சி நடந்தது. ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27,000 பேருக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு பயிற்சி தரும் திட்டம். சிலருக்குச் சொல்லி, அவர்கள் பலருக்குச் சொல்லி, உருண்டு பெருக வேண்டும் என்பதால் ‘சென்னைப் பனிப்பந்து’ என்று பெயர். (பனியே விழாத ஊரில் பனிப்பந்து!) கைமாறக் கைமாறப் பயிற்சி தேயத்தான் செய்யும். ஆனாலும் மாற்றார் ஆட்சியில் நடந்தது என்பதற்காக மறைப்பது நம் வழக்கமல்ல. வாத்தியாரை முதலில் தயார் செய் என்ற கணக்கு, சரியான கணக்கு.

கருவிக்கு எங்கே போவது என்பார்கள். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் செய்து காட்டினார். பெயர்தான் பிரபு, பாடமோ ஏழைக்கேற்ற பாடம்! இரயில் நேர அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்று கேட்பது. வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பது. பிள்ளைகள் விடையைத் தேடினார்கள். தேடும்போதே மொழி ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. கரும்பலகையும் தாளும் பென்சிலும் இருந்தால் நடத்திவிடலாம்.

அந்தப் பயிற்சிக்கும் பணம் வேண்டும். 2024-25க்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்திவைத்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காதவரை கிடையாது என்று 2025 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் கைவிரித்தார். ஆசிரியர் பயிற்சியும் அந்த நிதியில் ஒரு கூறு. மூன்றாவது மொழியைத் திணிக்க இரண்டாவது மொழியின் கழுத்தில் கை! இதைத் தெருத்தெருவாகச் சொல்லவேண்டியது நம் வேலை.

கூடவே இன்னொரு வேலையும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்குச் சட்டம் தந்த இடம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: இங்கே ஆங்கிலம் நடத்தும் ஆசிரியருக்குக் கடைசியாகப் பயிற்சி கிடைத்தது எந்த ஆண்டு? எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் எத்தனை, அவை பூட்டிய பீரோவிலா, பிள்ளைகள் கையிலா? ஆங்கில வகுப்பில் வாத்தியார் மட்டும் பேசுகிறாரா, எங்கள் பிள்ளையும் வாய் திறக்கிறதா?