உலகக் கோப்பைப் பந்தோபஸ்தை வாசலில் நிற்கும் காவலரிலிருந்து திட்டமிடக் கோரும் மனு

சென்னை, ஜனவரி 2026

அனுப்புநர்
ஓய்வுபெற்ற காவலர்களின் சங்கம்,
சென்னை.

பெறுநர்
உயர்திரு காவல் ஆணையர் அவர்கள்,
சென்னைப் பெருநகரக் காவல்,
வேப்பேரி, சென்னை.

நகல்: உள்துறைச் செயலாளர், மாநகராட்சி ஆணையர், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கச் செயலாளர்.

பொருள்: இருபது ஓவர் உலகக் கோப்பை – சேப்பாக்கம் ஆட்டங்கள் – பார்வையாளர் வெளியேற்றம், காவலர் பணிநிலை – கோரிக்கைகள் தொடர்பாக.

ஐயா,

வரும் பிப்ரவரி 7 முதல் மார்ச் 8 வரை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்தும் உலகக் கோப்பையில் சேப்பாக்கமும் ஒரு களம். பந்தோபஸ்துத் திட்டம் கையெழுத்தாகும் முன் எங்கள் கோரிக்கைகள் தங்கள் மேசைக்கு வரவேண்டும் என்பதால் இம்மனுவை அளிக்கிறோம். பணியிலுள்ள காவலர் விரும்பியபடி சங்கத்தில் சேர 1966ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அவர்களால் சொல்ல முடியாததைச் சொல்லும் கடமை, சீருடையைக் கழற்றிவிட்ட எங்களுக்கு இருக்கிறது.

முதலில் பெங்களூரு. 2025 ஜூன் 3 இரவு அகமதாபாத்தில் ஐபிஎல் கோப்பையை வென்ற பெங்களூரு அணிக்கு மறுநாளே சின்னசாமி மைதானத்தில் பாராட்டு விழா. மைதான வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். மறுநாள் மாநகரக் காவல் ஆணையர் உட்பட அதிகாரிகள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவரது வழக்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் ஜூலை 1 அன்று இடைநீக்கத்தை ரத்து செய்தது. காவலர்களும் மனிதர்களே, கடவுளோ மந்திரவாதியோ அல்ல என்று சொன்ன தீர்ப்பாயம், ஏற்பாட்டுக்குப் போதிய அவகாசம் தரப்படவில்லை என்பதையும் பதிவு செய்தது. இறந்தவர்கள் மைதானத்துக்குள் கூடப் போகவில்லை என்பதுதான் எங்கள் நெஞ்சை அறுக்கிறது. ஆபத்து ஆடுகளத்தில் இல்லை, கதவருகே இருந்தது. கதவருகே நின்றவர் ஒரு காவலர். கூட்டம் அளவு மீறுகிறது என்பதை முதலில் கண்டவர் அவராகத்தான் இருந்திருப்பார். கண்டதும் கதவை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கோ அவருடைய ஆய்வாளருக்கோ இருந்ததா என்பதே கேள்வி.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை இது: ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஆய்வாளரைப் பொறுப்பாக்கி, நுழைவை நிறுத்தவும், மாற்று வாசலைத் திறக்கவும், தேவைப்பட்டால் ஆட்டம் தொடங்குவதைத் தள்ளிவைக்கும்படி கட்டுப்பாட்டு அறையைக் கேட்கவும் அவருக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம் தரவேண்டும். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்காகப் பின்னர் அவர் மீது விசாரணை வரக்கூடாது. மேலிடத்து உத்தரவுக்காக வாக்கி-டாக்கியைக் காதில் வைத்துக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் உயிர் போய்விடும்.

சேப்பாக்கத்தின் அமைப்பைத் தாங்கள் அறிவீர்கள். சுமார் 38,000 பேர் அமரும் மைதானம். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் பறக்கும் ரயில் பாதையும் அடைத்து நிற்கின்றன. மீதமிருப்பவை வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா விடுதிச் சாலை ஆகிய மூன்றும்தான். வரும்போது கூட்டம் மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வருகிறது. முடிந்ததும் அரை மணியில் மொத்தமும் தெருவில் நிற்கிறது. ஆனால் பந்தோபஸ்துத் திட்டங்களில் நுழைவுக்கு எழுதப்படும் பக்கங்களில் கால்பங்குகூட வெளியேற்றத்துக்கு எழுதப்படுவதில்லை. கடைசி ஓவர் முடிந்தபின் எந்தப் பகுதியினர் எந்தச் சாலை வழியே எந்த ரயில் நிலையத்துக்குப் போவது என்பதை முதலில் வகுத்து, அதிலிருந்து பின்னோக்கி நுழைவைத் திட்டமிட வேண்டுகிறோம். கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. பிரசவ வலியோடு ஆட்டோவில் வரும் பெண்ணைத் தடுப்பு வேலிக்கு முன் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும் நிலை ஒரு நாளும் வரக்கூடாது. அந்த வழிக்கென்று தனிக் காவலர் போடுங்கள்.

வெளியூர்களிலிருந்தும் சிறப்புக் காவல் அணிகளிலிருந்தும் வரும் இளம் காவலருக்குச் சேப்பாக்கத்தின் எந்தச் சந்து எங்கே போகிறது என்று தெரியாது. வழி கேட்கும் ரசிகருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவர் கையை மட்டும் ஆட்டுகிறார். அதையே கூட்டம் முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு முழு ஒத்திகையும், சட்டைப்பையில் வைக்கும்படி தமிழில் ஒரு வரைபடமும் தரவேண்டும். எதைச் செய்யக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் கால்பந்து மைதானத்தில் போலீசார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். மூச்சுத் திணறி வாசல்களுக்கு ஓடியவர்களில் 135 பேர் மாண்டார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி ஏற்கெனவே சொல்லியிருந்தது. காகிதத்தில் இருந்த விதி கையில் குண்டு வைத்திருந்தவரைத் தடுக்கவில்லை.

2018 ஏப்ரல் 10 அன்று காவிரிப் போராட்டத்தின்போது, ஐபிஎல் ஆட்டம் நடக்கையில், பலத்த காவலையும் மீறிச் சேப்பாக்கம் மைதானத்துக்குள் காலணி வந்து விழுந்தது. சென்னையில் நடக்கவிருந்த மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. அதற்காக ஒவ்வொரு ரசிகரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. 1999இல் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியதும் இதே சேப்பாக்கம்தான்.

இனி காவலரின் உடம்பைப் பற்றி. இதைச் சில்லறை விஷயமாகத் தாங்கள் கருதமாட்டீர்கள் என்று நம்புகிறோம். இத்தொடரில் பகல் 11 மணிக்கும், 3 மணிக்கும், இரவு 7 மணிக்கும் ஆட்டங்கள் உண்டு. இரவு ஆட்டத்துக்கு நண்பகலிலேயே ரோல் கால். விடுவிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும், கடைசி ரயிலும் போயிருக்கும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் வெயிலில் இறந்ததை நாம் மறக்கவில்லை. பார்க்க வந்தவராவது நிழல் தேடிப் போகலாம். பணியில் இருப்பவர் போக முடியாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மாற்று அணி வேண்டும். சூடான சாப்பாடு நின்ற இடத்துக்கே வரவேண்டும். பணி முடிந்ததும் வீடு திரும்ப வாகனம் வேண்டும். பறிபோகும் வார விடுப்பைத் தொடர் முடிந்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும்.

பெண் காவலர்களுக்கான கழிவறையைத் தனியாகவே கேட்கிறோம். கழிவறை இல்லாத காரணத்தால் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல்வரின் வழிக்காவலில் பெண்களைச் சாலையோரம் நிறுத்தவேண்டாம் என்று 2021 ஜூனில் காவல்துறைத் தலைமை உத்தரவிட்டது. அதே அக்கறை இங்கும் வேண்டும். மூன்று சாலைகளிலும் பெண் காவலருக்கென்று நடமாடும் கழிவறைகளை, தண்ணீர் வசதியோடு, மாநகராட்சி நிறுத்தவேண்டும்.

தனியார் பாதுகாவலர்களை நம்பி எண்ணிக்கையைக் குறைக்கவேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒப்பந்த நிறுவனம் சொன்னபடி ஆட்களைத் தர முடியாமல், போட்டிக்குச் சில வாரமே இருக்கையில் 3,500 ராணுவத்தினரைக் கூடுதலாக அழைக்க நேர்ந்தது. அமைப்பாளர்கள் தரும் ஆட்களின் பட்டியலை ஒரு வாரம் முன்பே நேரில் சரிபாருங்கள். பாதுகாப்புக்கென அமைப்பாளர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு மேற்சொன்ன உணவுக்கும் கழிவறைக்கும் போகட்டும். நகரக் காவல் நிலையங்களை அடியோடு காலி செய்துவிட்டு மைதானத்தை நிரப்பவும் வேண்டாம். அன்றிரவும் புகாரோடு மக்கள் வருவார்கள்.

வெளியேற்ற வரைபடம் தயாரானதும் எங்கள் உறுப்பினர்களில் சேப்பாக்கத்தில் பல ஆண்டு பணிபுரிந்தவர்களை அழைத்து அதைக் காட்டவேண்டும், குறைகளைச் சொல்ல நேரம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஊதியம் எதுவும் வேண்டாம். ஜனவரிக்குள் எந்த நாள் அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்