கடைசி அணிக்கும் ஒரு வழி வேண்டும்

புக்கிட் பெலண்டோக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், செம்பனை மரங்களுக்கு அப்பால் ஒரு திடல் இருக்கிறது. மாலையில் அங்கே பந்து உதைக்கும் என் தம்பி, பல்கலைக்கழக விடுமுறையில் நான் வீடு திரும்பும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்: "அண்ணே, நம்ம நெகிரி எப்பதான் சாம்பியன் ஆகும்?"

நெகிரி செம்பிலான் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது 2005-06 பருவத்தில். அப்போது நான் கைக்குழந்தை. தம்பி பிறக்கவே இல்லை. 2014 முதல் 2024-25 வரை நடந்த 11 பருவங்களிலும் பட்டம் ஜொகூர் டாருல் தக்சிம் (ஜேடிடி) அணிக்கே போனது.

ஒரே அணி வெல்வதுதான் தொழில்முறை விளையாட்டின் இயல்பா? இல்லை என்கிறது ஆஸ்திரேலியாவின் ஏஎஃப்எல் போட்டி. அது நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்து, அணிக்கு 18 பேர், கையையும் பயன்படுத்தலாம். 2025 செப்டம்பர் 27-இல் மெல்பர்னில் நடந்த இறுதியாட்டத்தில் பிரிஸ்பன் லயன்ஸ், ஜீலாங்கை 47 புள்ளிகள் வித்தியாசத்தில் வீழ்த்தி, தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகப் பட்டம் வென்றது.

என்னை வியக்க வைத்தது அதற்கு முந்தைய பட்டியல். 2014 முதல் 2024 வரையிலான 11 பருவங்களில் அங்கே 8 வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றுள்ளன. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 62 ஆண்டுகள் காத்திருந்து 2016-இல் வென்றது. மெல்பர்ன் அணி 57 ஆண்டுகளுக்குப் பின் 2021-இல் வென்றது.

காரணம் விதிகள். ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1986 முதல், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. இதனால் எல்லாம் சமமாகிவிடவில்லை. ஃப்ரீமேண்டல் இன்னும் ஒரு பட்டம்கூட வெல்லவில்லை. செயின்ட் கில்டா 1966-இல் வென்றதோடு சரி. ஆனாலும் தோற்ற அணிக்கு எழுந்து வர வழி இருக்கிறது.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் காற்பந்து ஆட்டக்காரர் வேறு நாட்டுக்கும் போகலாம். கட்டாயத் தேர்வு முறை எடுபடாது. ஜேடிடியைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. அவர்கள் அரங்கம் கட்டினார்கள், இளையோரைப் பயிற்றுவித்தார்கள். சிக்கல் மற்ற அணிகள் நிலைத்து நிற்க முடியாமல் போவதில்தான்.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டு பிரிமியர் லீக் பட்டத்தோடு மேலே வந்த நெகிரி செம்பிலான், பயிற்றுநர் கே. தேவனின் கீழ் சூப்பர் லீக்கில் 4-ஆம் இடம் பிடித்தது. அதே பருவம் முடிந்ததும், மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்தின் (மீபா) வழி உருவான பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி லீக்கிலிருந்து விலகியது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் அணிகளுக்கு 2023-க்கான உரிமம் கிடைக்கவில்லை. பிரிமியர் லீக்கும் நின்றுபோனது. தோட்டத்துப் பையன் ஏறிப் போகக்கூடிய ஏணியில் ஒரே நேரத்தில் இத்தனை படிகள் கழன்று விழுந்தன.

நம்மால் இரவல் வாங்க முடிந்தது அந்த விதிகளின் நோக்கத்தைத்தான். வருமானத்துக்கு மேல் சம்பளம் பேசும் அணியைப் பருவம் தொடங்குமுன்பே தடுக்க வேண்டும். நின்றுபோன இரண்டாம் நிலைப் போட்டியை உறுதியாக மீட்க வேண்டும். உள்ளூர் இளையோரை ஆட வைக்கும் சிறிய அணிக்கு லீக் வருமானத்தில் கூடுதல் பங்கு தர வேண்டும்.

தம்பியின் கேள்விக்கு என்னிடம் ஆண்டுக்கணக்கு இல்லை. "நெகிரி ஜெயிக்கிறது அப்புறம்டா. நீ பெரியவனாகும்போது நீ ஆட ஒரு டீம் இருக்கணும்" என்றேன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடிவிட்டான்.