மீட்டரைப் பார்க்காத ஊர்

கரண்ட் பில் வரும் வாரத்தில் மட்டும்தான் விழுப்புரம் மாவட்டத்துப் பெருமுக்கல் கிராமத்தில் எங்களுக்கு மின்சாரம் ஞாபகத்துக்கு வருகிறது. "போன தடவை ஆயிரத்து எண்ணூறு, இந்தத் தடவை ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சே" என்று திண்ணையில் சத்தம் போடுவோம். அரசாங்கத்தைத் திட்டுவோம். பணம் கட்டியதும் இரண்டு மாதத்துக்குப் பேச்சே இருக்காது.

2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன்பிறகு மீட்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடுகிறது. தாண்டும் அந்த ஒரு யூனிட்டால் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். 30 வாட் மட்டுமே இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 27 யூனிட் போதும். சீர்வரிசைக்குப் பீரோவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிற நாங்கள், ஃபேனில் விலையை மட்டும்தான் கேட்டோம்.

இது அவரவர் வீட்டுக் கணக்கு. ஊராகச் சேர்ந்து செய்த தவறு இதைவிடக் கனமானது. 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடும், சோலாரில் எரியும் ஐந்து விளக்குகளும் கொடுத்தார்கள். பேட்டரி சில வருடங்கள்தான் உழைக்கும் என்பது பைக் வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரியும். அது செத்தால் மாற்றுவது யார், செலவு யாருடையது என்று கிராம சபையில் நாங்கள் கேட்கவில்லை. விளக்கு அணைந்தபோது, "அதான் கரண்ட் இருக்கே" என்று அந்த வீட்டுக்காரர்களிடமே சொன்னோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை. மின்சாரம் போன அந்த இருட்டில் எரிந்திருக்க வேண்டிய விளக்குகள் அவை.

வழி தெரியாத ஊரல்ல இது. இதே மாவட்டத்து ஆரோவில்லில் பல வருடங்கள் சூரிய வெப்பத்தில் சமையல் நடந்திருக்கிறது. நாங்கள் வேடிக்கை பார்த்துத் திரும்பினோம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே வாங்கியது.

இப்போது ஒரு கிலோவாட் கூரை சோலாருக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய் மத்திய அரசு மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தினம் ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். இதையும் விசாரித்துத்தான் வாங்க வேண்டும். மாடி வீட்டுக்காரர்களான நாங்கள் விசாரிக்கவே இல்லை. ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருப்பவர்களுக்காக சோலார் வைக்க ஊராட்சிக் கட்டடத்து மாடியைக் கேட்கலாம் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சபைக்குச் சபை எழுந்து கேட்டிருக்கிறோம். பட்டப்பகலில் எரிகிற விளக்குக்கும் நம் ஊராட்சிதான் பணம் கட்டுகிறது என்று ஒருவரும் எழுந்து சொன்னதில்லை.