துப்பாக்கி பிடித்த பதுமைகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் ‘சி.பி.ஐ. துர்கா’ என்றொரு பெண்ணை நான் உலவ விட்டேன். டில்லியிலிருந்து புறப்பட்டு, ஆம்பூர் ரயில் நிலையத்தில் கறுப்புக் கண்ணாடியுடன் இறங்கினாள். பதினெட்டு வாரங்களில் ஒன்பது பேரை உதைத்தாள். கடைசி வாரத்தில், ஒரு டேனரியின் கழிவுத் தொட்டி விளிம்பில் நின்றுகொண்டு வில்லனின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டினாள். ‘பெண்குலத்துக்கே பெருமை தேடித் தந்தீர்கள்’ என்று வாசகர்கள் எழுதினார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு கொஞ்ச காலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

நெஞ்சு சுருங்கியது ஒரு பஸ்ஸில். வேலூரிலிருந்து வாணியம்பாடி போகிற பஸ். பள்ளிகொண்டா தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

“துர்கா கதை நீங்கதானே சார் எழுதினது? பத்திரிகையில போட்டோ பார்த்திருக்கேன்.”

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிறவளாம். மதியச் சாப்பாட்டு வேளையில் அவர்கள் வரிசையில் ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்:

“ஒண்ணு கேக்கலாமா சார்? அந்தம்மா பதினெட்டு வாரம் எங்க ஊர்லயே இருந்தாங்களே, எங்கள்ல ஒருத்தியைக்கூட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டிருந்தால்?”

“மூணாவது வாரமே கதை முடிஞ்சிருக்கும் சார்” என்று சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவன் ஏறி வரவில்லை. ‘தவறி விழுந்து மரணம்’ என்று காகிதத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். “அதுல மர்மம் ஒண்ணும் இல்ல சார். யாரு இறங்கச் சொன்னாங்கன்னு தெருவுக்கே தெரியும். வந்து கேக்கறதுக்குத்தான் ஆளில்ல.”

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கிறார்கள். அது கழிவோடு சேர்ந்து தொட்டியில் தேங்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகிறது. முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வரும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்றெண்ணி மனிதன் இன்னும் ஒரு படி இறங்குவான். என் துர்கா அந்த விளிம்பில் நின்றுகொண்டு ஒன்றரைப் பக்கம் வசனம் பேசினாள்!

நான் பாக்கெட் நாவல்களைத் தின்று வளர்ந்தவன். காட்பாடி ஜங்ஷன் புத்தகக் கடையில் என் பள்ளிக்கூடக் காசெல்லாம் போயிற்று. ஆகவே உயர்ந்த இலக்கியத்தின் பீடத்தில் ஏறி நின்று மர்ம நாவலை ஏசுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தமிழில் இந்தக் கலையை வளர்த்த பெரியவர்களில் ஒருவரான குப்புசாமி முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்பதே எங்கள் பழைய வட ஆற்காட்டு ஆரணிதான். ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினார் அவர். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். அதற்கும் பிறகு ராஜேஷ்குமாரின் விவேக்கோடு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தோடு சுசீலா, சுபாவின் நரேந்திரனோடு வைஜயந்தி என்று ஜோடி ஜோடியாக வந்தார்கள். எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் சுசீலாவை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவள் துலக்கிய துப்பா, அவள் பனியனில் எழுதியிருந்த வாசகமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டது போதாது, அவளையே நாயகியாக்குவோம் என்று கிளம்பிய என்னைப் போன்றவர்கள் செய்தது இன்னும் மோசம். ஆண் செய்ததையெல்லாம் அவளைச் செய்ய விட்டோம், அவ்வளவுதான். 1990-இல் தெலுங்கிலிருந்து ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ படம் வந்து விஜயசாந்தி உதைத்த உதையில் தமிழ்நாடே கைதட்டியது. அன்றிலிருந்து பெண்ணின் பலத்தை அளக்க எங்களுக்குக் காலைத் தவிர வேறு அளவுகோல் அகப்படவில்லை.

“பொழுதுபோக்குக்குப் படிக்கிற நாவலில் இதெல்லாம் எதற்கு ஐயா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. பொழுதுபோக்கு நாவலையே உதாரணம் காட்டுகிறேன். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யில் ஹூவர் என்ற மனிதர் இருந்தவரை பெண்களுக்கு ஏஜெண்டாக இடமில்லை. அவர் 1972 மே மாதம் கண்மூடினார். ஜூலையில் இரண்டு பெண்கள் உள்ளே போனார்கள். ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரீ, மற்றவர் மரீன் படையில் இருந்தவர். 1988-இல் தாமஸ் ஹாரிஸ் எழுதிய நாவலில் கிளாரிஸ் ஸ்டார்லிங் என்ற பயிற்சி ஏஜெண்ட் வருகிறாள். கொலையுண்ட பெண்ணின் அறைக்குப் போய் அலமாரியைத் திறக்கிறாள். தைத்துக்கொண்டிருந்த உடையில் ஒரு முக்கோண மடிப்பைப் பார்க்கிறாள். கொலைகாரன் தையல் தெரிந்தவன், தோலையே துணியாகத் தைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆண் அதிகாரிகளுக்குத் தட்டுப்படாதது அவளுக்குத் தட்டுப்பட்டது. உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற புத்தகம் அது. தோலும் தையலுமே தொழிலாக வாழ்கிற எங்கள் ஊரில் அப்படியொரு காட்சி எனக்கு ஏன் தோன்றவில்லை?

உண்மையான பெண்கள் நம்மிடம் இல்லாமலா போனார்கள்? தமிழகக் காவல் துறையில் 1973-இல் பெண்கள் சேர்ந்தார்கள். 1976-இல் திலகவதி ஐ.பி.எஸ். ஆனார். எங்கள் வேலூர் ஆக்ஸிலியம் கல்லூரியில் படித்தவர் அவர். அவர் நாவலாசிரியரும்கூட, ‘கல்மரம்’ நாவலுக்கு 2005-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அது மர்ம நாவல் அல்ல, கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது! நிஜமாகவே காக்கி உடுத்திய பெண் சித்தாள்களைப் பற்றி எழுதுகிறார். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். சி.பி.ஐ.யிலும் நம் மாநிலப் பிரிவிலிருந்து போன அர்ச்சனா ராமசுந்தரம் உயர்பதவி வகித்தார். 2016-இல் எல்லைக் காவல் படைகளில் ஒன்றான எஸ்.எஸ்.பி.க்கே தலைவரானார்.

சட்டத்தையாவது நாங்கள் புரட்டிப் பார்த்தோமா? சி.பி.ஐ. நினைத்த ஊரில் வந்து இறங்க முடியாது. 1946-ஆம் வருஷச் சட்டப்படி மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். இல்லையேல் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தமிழக அரசு கொடுத்திருந்த பொது ஒப்புதலையும் 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேலூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் சிநேகிதர், “உன் துர்காவை ஸ்டேஷனிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்” என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார். பெண் சாட்சியைக் காவல் நிலையத்துக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது, அவள் வசிக்கும் இடத்துக்கே போய்த்தான் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் 160-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 179. யோசித்துப் பாருங்கள்: சட்டமே விசாரணை அதிகாரியை அந்தத் தையற்காரியின் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவைக்கிறது. பெண் அதிகாரியானால் திண்ணையையும் தாண்டி அடுப்படிவரை போகலாம். வேறெந்தத் துப்பறிவாளனுக்கும் கிடைக்காத வாசல் இது. நான் அவளை அந்த வாசலுக்கு அனுப்பாமல் மொட்டை மாடியிலிருந்து குதிக்க வைத்தேன்.

கதைக்கு விஷயம் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதென்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்து உயிர்! எங்கள் நாவல்களில் ஊட்டி பங்களாவில் ஒரு தொழிலதிபர் செத்தால் நூறு பக்கம் துப்பறிகிறோம்.

இங்கேதான் மர்ம நாவலின் அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது என்று தோன்றுகிறது. யார் செய்தது என்ற கேள்வியில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. பாலாற்றங்கரையில் அந்தக் கேள்விக்கு விடை எல்லாருக்கும் தெரியும். யார் சொல்வார்கள், யாரிடம் சொல்வார்கள், சொன்ன பிறகு மறுநாள் வேலைக்கு எப்படிப் போவார்கள் என்பதில்தான் திகில் இருக்கிறது. வேலை போய்விடுமே என்று பயப்படுகிற ஒருத்தியை, பயம் போகாமலே கையெழுத்துப் போட வைப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியத்துக்குக் கராத்தே உதவாது.

பத்திரிகாசிரியர் துர்காவின் இரண்டாம் பாகம் கேட்டுக்கொண்டே இருந்தார். போன மாதம் முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். அதில் துர்கா நீதிமன்ற உத்தரவோடு வருகிறாள். ஆம்பூரை அடுத்த ஒரு கிராமத்தில், சாயங்காலம் ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு திண்ணையில் உட்காருகிறாள். கொடுத்த டீயைக் குடிக்கிறாள். இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.

நேற்று பதில் வந்தது. ‘நன்றாயிருக்கிறது. சண்டை எந்த வாரம்?’ என்று கேட்டிருக்கிறார்.