பாலையூற்றில் நில்லாத வழிகாட்டி

திருகோணமலைக்கு வரும் உல்லாசப் பிரயாணியை வழிகாட்டி முதலில் நிறுத்துவது கோட்டை வாசலிலேயாம். போர்த்துக்கேயர் கட்டினர், 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தனர், 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் அது பிரடெரிக் கோட்டையாயிற்று. நகரின் சரித்திரம் இவ்வளவில் முடிந்துவிடுகின்றது.

பின்னர்ச் சுவாமி மலை. காதலன் கைவிட்டுக் கப்பலேறப் பாறையினின்று கடலிற் குதித்தாளாம் பிரான்சினா என்னும் ஒல்லாந்துப் பெண். 1687ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற தூண் அதற்குச் சான்றாம். அவள் அதன் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்தாளென்பதை ஒல்லாந்தர் ஆவணங்களே காட்டிவிட்டன. எனினும் கதை சாகவில்லை. அவள்தான் நாள்தோறும் சாகின்றாள்.

கோணேசர் கோயில் காட்டப்படாமலில்லை. ஆயின், 1620களில் இடிக்கப்பெற்ற பழங்கோயிலின் கற்களே கோட்டைச் சுவராயின என்பதை வாசலில் வைத்துக் கூறுவோர் எத்துணைப் பேர்? கோட்டைக்குள் மேயும் மான்களைப் படம் பிடிப்போர், வாசற்கல்லிற் செதுக்கிய இணைக்கயலைக் கண்ணெடுத்தும் பாரார். 1950இற் கிணறு வெட்டுகையில், மண்ணுள் மறைந்திருந்த கோயிற் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இற் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயிலில் அவை மீண்டும் இடம்பெற்றன. காதலியின் கதையிலும் இது சுவை குறைந்ததா?

பாலையூற்றிலோ வாகனம் நிற்பதே இல்லை. அங்கே பார்க்க என்ன உண்டு என்பர். கோயிலை இடித்தவர்களின் தலைநகராகிய லிஸ்பனில் அல்பாமா என்றொரு பகுதி உண்டு. ஒடுங்கிய படிக்கட்டுகளும், சிறு வீடுகளும், காயும் துணிகளுமே அங்குள்ள காட்சி. வெந்நீரூற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று அப்பெயர் பிறந்ததென வழிகாட்டிகள் பெருமையோடு விளக்குவர். 1147இல் முசுலிம்களிடமிருந்து நகரைப் பறித்தவர்கள், தோற்றவர் வைத்த பெயரை இன்றும் விலைமதித்துக் காட்டுகின்றனர். பாலையூற்று என்ற பெயரிலும் ஊற்றுண்டு; வறண்ட நிலத்துப் பாலை மரமுமுண்டு. மரத்தையும் நீரையும் கண்டு குடியேறியோர் இட்ட பெயர் அதுவென்பது சொல்லிலேயே புலப்படுகின்றது. யோர்க் கோமகனை அறிமுகப்படுத்தும் நாவுக்கு இவ்விரு சொற்களைப் பிரித்துக் கூறுவது பாரமாகின்றது!

பிரயாணி கதை கேட்க வருகின்றான், பாடங்கேட்க வரவில்லை என்ற சமாதானம் பொருந்தாது. அவனுக்கு எது கதை என்று தெரிவு செய்பவன் வழிகாட்டியே. வழிகாட்டிக்கு அதைக் கற்பிக்க வேண்டியவை பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளுமே. கோட்டை வாசற்கல், கிணறு வெட்டிய இடம், பாலையூற்று ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு நடைவழி வகுத்தல் அரிதன்று. பிரான்சினாவுக்குச் செலவிடும் நேரத்திற் பாதி அதற்குப் போதும்.