பெருகுவதும் அருகுவதும்

அந்தமான் நிகோபார் தீவுகளில் இரண்டு ராட்சதப் பிராணிகள். ஒன்று அழையாத விருந்தாளி. மற்றது மண்ணின் மைந்தன். விருந்தாளி பெருகுகிறது, மைந்தன் அருகி வருகிறது.

விருந்தாளி, ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் பென்சன் என்பவர். அந்தமானில் இறக்கியவர்கள், 1942 முதல் 1945 வரை தீவுகளைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் என்று சொல்லப்படுகிறது. ஜப்பானியர் போய்விட்டார்கள், நத்தை போகவில்லை. வாழை, பப்பாளி, காய்கறிச் செடி எதையும் அது விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒரு தடவைக்கு 200 வரைகூட.

மைந்தன், தென்னை நண்டு. நிலத்தில் வாழும் நண்டுகளில் உலகிலேயே பெரியது. 4 கிலோ வரை எடை, தேங்காயையே பிளக்கும் கொடுக்கு. ஆனால் எதிலும் நிதானம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் சில வாரங்கள் கடலில் மிதக்கும். பிழைத்தவை கரையேறி, காலி நத்தை ஓடுகளுக்குள் உடலை ஒளித்துக்கொண்டு வளரும். முழு வளர்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பிடித்துத் தின்ன ஒரு நிமிடம் போதும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த நண்டுக்கு இடமுண்டு. அது வாழும் கரைக்குத்தான் ஆபத்து. 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் கிரேட் நிகோபாரின் தென்கரை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அதே தீவில், கலாத்தியா விரிகுடாவில் துறைமுகமும் அதையொட்டி நகரமும் அமைக்க 2022இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு.

நண்டின் கதையும் நத்தையின் கதையும் வேறு வேறல்ல என்பதற்கு, இதே இந்துமாக்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு சாட்சி. அங்கேயும் ராட்சத நத்தை வந்தது. ஆனால் காட்டுக்குள் நுழைந்தவற்றை அங்கிருந்த செந்நண்டுகள் தின்று தீர்த்தன. பின்னர், வெளியிலிருந்து வந்த ஒருவகை மஞ்சள் எறும்பு நண்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. நண்டு ஒழிந்த இடங்களில் நத்தை தாராளமாகக் காட்டுக்குள் புகுந்தது.

புதிய துறைமுகம் என்றால் கப்பல்கள் வரும். மண்ணும் ஜல்லியும் நாற்றும் வரும். அவற்றோடு நத்தை முட்டையும் வரலாம். படகுத்துறையில் சரக்கைச் சோதிக்க நாலு ஆட்களைப் போடுவது பெரிய செலவல்ல. நத்தை பரவிய பிறகு அதைப் பொறுக்கி ஒழிப்பதுதான் தீராத செலவு. கரையோரக் காட்டை விட்டுவைத்தால் நண்டு சம்பளமில்லாத காவல்காரன். அதைத் துரத்திவிட்டால் காவலுக்கு யாரை வைப்பது?